தறி இருந்த இடத்தில் ஒரு சர்வர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறு திருத்தங்களுடன்.)



சாப்பாட்டுக்கு முந்திய கடைசிப் பேச்சு என்னுடையது என்று அழைப்பிதழில் பார்த்ததுமே, செயலாளர் என்மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று புரிந்துவிட்டது. (சிரிப்பு.) சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் இருக்கிறீர்கள், கம்ப்யூட்டர் என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே புரியாத பாஷையில் பேச மாட்டேன். எங்கேயாவது பேசிவிட்டால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்.

நான் குடியிருப்பது திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்குப் பத்து தடவை வந்தவர்களுக்கும் இந்த ஊர் தெரியாமல் இருக்கலாம். வேகவதி ஆற்றங்கரை, சமணக் கோயில், சில தெருக்கள், பல தறிகள். ஜினகாஞ்சி என்பது பழைய பெயர். எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி இருந்தன. அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு ஒன்றை எடுத்துவிட்டோம். குழியை மூடி, சிமெண்டு பூசி, அந்த இடத்தில் ஒரு இரும்பு ஷெல்ஃப் வைத்தேன். அதில்தான் என் சர்வர் ஓடுகிறது.

சர்வர் என்றதும் ஏசி அறை, கண்ணாடிக் கதவு என்று நினைக்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் அது. நாலு அடுக்கு டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான் இருக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு யூபிஎஸ், ஒரு ரவுட்டர். இதற்கு ஹோம்லேப் என்று இளைஞர்கள் பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். ராத்திரி பகலாக ஓடுகிறதே, கரண்டு என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். மீட்டர் வைத்து அளந்தேன், சராசரி 15 வாட். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. கணக்கைச் சொன்னதும் அடங்கினார். அம்மாவுக்குத்தான் இன்னும் சந்தேகம். "இந்தப் பொட்டி அப்படி என்னத்தைடா நெய்யுது?" என்று கேட்கிறார்.

நெய்வது இதுதான். அதில் டெபியன் லினக்ஸ் இருக்கிறது. அதன்மேல் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருள் எங்கள் வீட்டுப் பத்திரங்கள், பில்கள், காலண்டர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது. இம்மிச் என்று ஒன்று. வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும் அது தானாக வந்து இதில் சேர்ந்துவிடும். ஜெல்லிஃபின் என்பது அம்மாவின் பழைய படங்களுக்கு. எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். அதாவது, செய்முறை ஊரறியக் கிடைக்கும். யாரும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இதெல்லாம் எதற்கு, போனில் சும்மா கிடைக்கிறதே என்பீர்கள். சும்மா கிடைத்தது எவ்வளவு நாள் சும்மா கிடைத்தது? கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படம் போடலாம் என்ற வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வியாபாரம் அவர்களுக்கு. ஆனால் ஆறு வருஷம் படத்தை ஏற்றிவிட்ட குடும்பம் அதற்குப் பிறகு எங்கே போகும்? அந்த வாடகை வீட்டிலிருந்து காலி பண்ணுவது லேசான காரியம் இல்லை, சார்.

இது கல்யாண போட்டோ விஷயம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2025 ஜூலையில் நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி கம்பெனி. ரஷ்யக் கம்பெனியின் பங்கு அதில் இருக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. காசு கட்டிய வாடிக்கையாளர், இந்தியச் சட்டப்படி நடக்கிற கம்பெனி. ஆனாலும் தங்கள் ஈமெயிலைத் திறக்க முடியாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாளில் சேவை திரும்பி வந்தது. எனக்கு அந்தத் தடை சரியா தப்பா என்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. பூட்டு நம் வீட்டுக் கதவில், சாவி வேறு நாட்டில் என்றால் அது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இதுவே திறந்த மூலத்தில் எப்படி நடக்கிறது பாருங்கள். எம்பி என்று ஒரு மென்பொருள் இருந்தது, வீட்டில் படம் பாட்டு வைத்துக்கொள்ள. 2018-ல் அதைச் செய்தவர்கள், இனிமேல் மூலத்தைத் திறந்து வைக்க மாட்டோம் என்று மூடிவிட்டார்கள். பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் சிலர், அதுவரை திறந்திருந்ததை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார்கள். அம்மா பார்க்கிற ஜெல்லிஃபின் அப்படிப் பிறந்ததுதான். நெக்ஸ்ட்கிளவுட்டும் 2016-ல் ஓன்கிளவுட்டிலிருந்து அதே மாதிரி பிரிந்து வந்தது. சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போகிற உரிமை இருக்கிறதே, அதுதான் இங்கே முக்கியம். இலவசம் என்பது பிறகுதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செலவு மிச்சம் என்று யாராவது இதைப் பற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்க் விலை இருக்கிறது, யூபிஎஸ் பேட்டரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதற்கு மணிக்கு இவ்வளவு என்று போட்டால், எந்தக் கம்பெனிக்கும் மாதச் சந்தா கட்டுவதே லாபம். ஈமெயிலை மட்டும் வீட்டிலிருந்து நடத்தாதீர்கள். நாம் அனுப்புகிற கடிதத்தைப் பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் சந்தேகப்பட்டுக் குப்பையில் தள்ளிவிடும், வாதாட இடமே கிடையாது. இன்னொன்று, நம் வீட்டு இணைப்பில் பெரும்பாலும் தனிக் கதவு எண்ணே கொடுப்பதில்லை. ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண் என்ற மாதிரி, நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியில் போய்வருகின்றன. வெளியிலிருந்து வருகிறவருக்கு நம் வீடு எது என்று தெரியாது. இதைச் சுற்றிப்போக ஒயர்கார்டு என்ற சுரங்கப் பாதை இருக்கிறது. வெளியூரில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதுவரை சுரங்கம் போட்டுவிட்டால் போதும். எங்கள் வீட்டுப் போன்கள் மட்டும் அந்த வழியாக வரும், மற்றவர்களுக்குக் கதவே இல்லை. வாசலைத் திறந்து போட்டு வைத்தால், எந்தெந்த நாட்டிலிருந்தோ அன்றைக்கே ஆள் வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பான். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல, பதிவேட்டைத் திறந்தால் யாரும் பார்க்கலாம்.

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று.

பட்டுச் சேலையின் பார்டரில் மயில், அன்னம், யாளி எல்லாம் வருகிறதல்லவா, அதை ஜக்கார்டு பெட்டி செய்கிறது. பெட்டியை ஆட்டி வைப்பது அட்டைகள். ஓட்டை இருந்தால் ஒரு இழை தூக்கும், ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் லியோன் நகரப் பட்டுத்தறிக்காக ஜக்கார்டு என்பவர் செய்தது. கம்ப்யூட்டருக்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது. நம் சீனியர்களில் சிலர் அட்டைக் கட்டோடு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்றிருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் டிசைன் போடுகிற ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார். வரைந்த டிசைன்கள் எல்லாம் ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் புரிகிற கோப்புகளாக இருந்தன. அந்த மென்பொருளைத் திறக்க, கம்ப்யூட்டரின் பின்னால் கட்டைவிரல் அளவு ஒரு சாவி செருகியிருக்க வேண்டும். ஒரு நாள் இடி விழுந்ததில் அந்தச் சாவி போய்விட்டது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. கம்பெனியைக் கலைத்து வருஷம் ஆகிவிட்டதாம். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, சார்! ஒரு பைட் கூடக் குறையவில்லை. ஆனால் திறக்க வழியில்லை. என்னிடம் கொண்டுவந்தார். நானும் கல்லூரி நண்பர் ஒருவரும் மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம். பழைய காலத்துக் கோப்புகள் சிலவற்றின் உள்ளே சாதாரணப் படம் இருந்தது, அவற்றை உருவி எடுத்தோம். மீதி வரவில்லை.

அப்போது அப்பா சொன்னார், அந்த டிசைன்களில் சிலவற்றின் அட்டை நாலைந்து வீடுகளில் இன்னும் தொங்குகிறது என்று. போய்ப் பார்த்தோம். தூசி படிந்து, எலி கடித்து, ஆனாலும் முழுசாக இருந்தது. அட்டையை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, ஓட்டையை எண்ணி, டிசைனைத் திரும்ப வரைந்தோம். அதற்கு ஒரு கம்பெனியிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. கண் இருக்கிற எவரும் படிக்கலாம். இப்போது அவர் எந்த டிசைன் போட்டாலும் கூடவே ஒரு சாதாரணப் படக் கோப்பும் எடுத்து, என் பெட்டியிலும் ஒரு நகல் போட்டு வைக்கிறார். போனது போனதுதான். இரவில் நினைத்துக்கொண்டு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று ஒரு தடவை சொன்னார்.

நம் சங்கத்துக்கும் இது புதிதல்ல. பழைய மலர் ஒன்றின் ஃபிளாப்பியைச் செயலாளர் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிடிபி நிலையத்துக்கும் ஒரு தமிழ் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் வரிசை. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி ஒரு தரத்தைக் கொண்டுவந்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தியது எல்லாம் அவரவர் பாஷை. ஃபிளாப்பியைத் திறந்தால், முதல்வரின் வாழ்த்துரை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. (சிரிப்பு.) அச்சடித்த மலர் ஒரு பேராசிரியர் வீட்டு அலமாரியில் இருந்ததால் பிழைத்தோம்.

அதற்குப் பிறகுதான் செயலாளர் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். சங்கத்தின் போட்டோக்கள், உறுப்பினர் பதிவேடு, மலர்கள், மறைந்த ஆசிரியர்களின் ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி உன் வீட்டு சர்வரிலேயே வைத்துவிடு என்றார். "நீதான் இதெல்லாம் பண்றியே, உன்னைவிட யாரு?" என்றார். இந்த மேடையில் நான் பதில் சொல்கிறேன். முடியாது, சார். என் வீட்டில் மட்டும் என்றால் முடியாது.

காரணம் சொல்கிறேன். 2024 மார்ச்சில் உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கிய சமாச்சாரம் ஒன்று. எக்ஸ்-இசட் என்று ஒரு சின்ன மென்பொருள், கோப்புகளைச் சுருக்குவதற்கு. லினக்ஸ் ஓடுகிற இடமெல்லாம் அது இருக்கும். அதைப் பல வருஷமாகப் பராமரித்தது ஒரே ஒரு ஆள், சம்பளம் இல்லாமல், மனசுக்கு முடியாத நிலையில். உதவுகிறேன் என்று ஒருவன் வந்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தான், பிறகு உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தான். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினியர், தன் கம்ப்யூட்டரில் உள்ளே நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. மூலம் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது என்று நம்மவர்கள் பெருமைப்படுகிறார்கள். பெருமைப்படலாம். ஆனால் அந்த ஒண்டி ஆளை நினைத்தால் எனக்குப் பெருமை வரவில்லை. உலகமே சாய்ந்திருந்த சுவரை ஒருத்தர் தோளில் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம். உடம்பு ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலைக்கு மூன்று நாடா. இந்தப் பக்கம் நெய்கிறவர், அந்தப் பக்கம் நாடா தள்ள இன்னொருவர். "கோர்வைக்கு ஒண்டி ஆள் ஆவாது" என்பார் அப்பா.

என் வீட்டு விஷயத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தேன். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். எந்த டிஸ்க் எங்கே, கடவுச்சொல் எந்தக் கவரில், எதை முதலில் அணைப்பது என்று. ஒரு சனிக்கிழமை அவளிடம் கொடுத்து, நான் இல்லை என்று வைத்துக்கொள், நம் கல்யாண ஆல்பத்தை வேறு ஒரு கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டு என்றேன். "என்ன பேச்சு இது" என்று கோபப்பட்டாள். பிறகு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்தில் எடுத்தாள். எடுத்துவிட்டு, நோட்டைத் தன் பாஷையில் முதலிலிருந்து எழுதினாள். பதினாறு பக்கம்தான். அதுதான் இப்போது அலமாரியில் இருக்கிறது. ஹோம்லேப் வைத்திருக்கிற நண்பர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். இந்தப் பரீட்சையை வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வாருங்கள். சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்களின் வரலாறு ஓவியமாக இருக்கும். என்னை இழுத்தது ஓவியத்தைவிட, கீழே எழுதியிருக்கும் விளக்க வரிகள்தாம். இது யார், இங்கே என்ன நடக்கிறது என்று வருகிறவனுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் எழுதவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிற டாக்குமெண்டேஷன் அதுதான்! அந்த ஓவியங்களை டி.என். ராமச்சந்திரன் விவரமாகப் பதிவு செய்ய, சென்னை அரசு அருங்காட்சியகம் 1934-ல் நூலாகப் போட்டது. சுவரில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்றாகிவிட்டது.

ஜினகாஞ்சி மடம் இன்று இருப்பது காஞ்சியில் அல்ல, செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரில். முன்னாளில் எங்கள் ஊரிலிருந்து அங்கே போனது என்பார்கள். இடம் மாறியும் பெயரை விடவில்லை. சுவடியைப் படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதைச் சாஸ்திர தானம் என்று சமணர்கள் புண்ணியத்தில் சேர்த்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார், கவி பொன்னர் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து கொடுத்தார் என்பது வரலாறு. அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம்! நாம் மூன்று பிரதி வைப்பதற்கே அலுத்துக்கொள்கிறோம்.

மறுபக்கமும் நமக்குத் தெரியும். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அதில் உண்டு. 2005-ல் ஈழத்து ஆர்வலர்கள் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில் தளம் அமைத்து, உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள் ஸ்கேன் பண்ணி ஏற்றினார்கள். பெரிய கம்பெனி எதுவும் வந்து செய்து தரவில்லை. ஒருவர் போனாலும் அடுத்தவர் தொடர்கிற மாதிரி அமைத்தார்கள், இன்றும் நடக்கிறது.

ஆகவே செயலாளர் சாருக்கு என் யோசனை இது. சங்கத்தின் ஆவணங்களை நாமே வைத்துக்கொள்வோம், திறந்த மென்பொருளில், யாரும் திறக்கக்கூடிய கோப்புகளாக. படம் என்றால் சாதாரணப் படக் கோப்பு, எழுத்து என்றால் யூனிகோடு. ஒரு பெட்டி என் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று கல்லூரி நூலகத்தில், முதல்வர் அனுமதித்தால். மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும், ஏனென்றால் வெள்ளம் வந்தால் காஞ்சிபுரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வெள்ளம்தான். என் சொந்தப் பிரதி ஆரணியில் அக்கா வீட்டில் இருக்கிறது, தினம் ராத்திரி தானாகப் போய்ச் சேரும். போகிறதற்கு முன்னாலேயே பூட்டிவிடுவதால் மாமாவால் எங்கள் போட்டோவைப் பார்க்க முடியாது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். (சிரிப்பு.) உறுப்பினர்களின் போன் நம்பர், விலாசம் இதெல்லாம் அடுத்தவர் சொத்து. அதை அந்தப் பூட்டுக்குள்தான் வைக்க வேண்டும், போட்டோ மாதிரி ஊருக்குக் காட்டக் கூடாது.

ஆள்தான் வேண்டும். மூன்று பேராவது, மூன்று வேறு வேறு வருஷத்து மாணவர்கள். அதில் ஒருவர் இப்போது படிக்கிறவராக இருந்தால் நல்லது. லினக்ஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று பல வருஷமாக இருக்கிறது. கூடிப் பேசுகிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள், முட்டாள்தனமான கேள்வி என்று யாரும் சிரிப்பதில்லை. கணியம் என்ற மின்னிதழ் 2012-லிருந்து இதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வருகிறது. வேண்டிய அளவு படிக்கக் கிடைக்கும்.

முதல் வேலை ஸ்கேனிங். வீட்டில் பழைய மலர், குரூப் போட்டோ, ஹாஸ்டல் டே கேசட் எது இருந்தாலும் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். போட்டோவின் பின்னால், நிற்பவர்கள் பேரை இடமிருந்து வலமாகப் பென்சிலில் எழுதிக் கொடுங்கள், பேனாவில் வேண்டாம், மை ஊறிவிடும். பேர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். 

வாசலில் பதிவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பேரும் படித்த வருஷமும் எழுதுங்கள். இப்போதைக்கு அதில் ஒரு பேர்தான் இருக்கிறது. சாம்பார் வாசனை வந்துவிட்டது, நான் இறங்கிக்கொள்கிறேன்.